வலக்கையா, இடக்கையா: பாக்சிங் ஸ்டான்ஸைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும்

பாக்சிங் கற்க வருபவரிடம் மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எந்தக் கையால எழுதுவே?" வலது என்றால் இடது காலை முன்னால் வைக்கச் சொல்வார், இடது என்றால் வலது காலை. நிறையப் பேருக்கு இது சரியாகவே அமைந்துவிடும். மற்றவர்களுக்குத்தான் சிக்கல். பல மாதம் கழித்தும் ஜாப் (முன் கையால் விடும் வேகமான நேரடி அடி) துள்ளாது, பின் கை அடியில் எடை ஏறாது, பின்வாங்கும்போது கால் பின்னும். நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. எழுதுவதும் சாப்பிடுவதும் இங்கே பெரியவர்கள் பழக்கிவிடுபவை. "பீச்சாங்கையால வாங்காதே" என்று அதட்டு வாங்கி வளர்ந்த இடக்கைக்காரர்கள், தாங்கள் வலக்கைக்காரர்கள் என்று நம்பிக்கொண்டே ஜிம்முக்கு வருகிறார்கள்.

ஸ்டான்ஸை, அதாவது சண்டையில் நிற்கும் நிலையை, தீர்மானிப்பதற்குக் கை, கால், கண் மூன்றையும் சோதிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. தவறாகத் தேர்ந்தெடுத்ததைப் பின்னால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டு கைகளுக்கும் என்ன வேலை

ஆர்த்தடாக்ஸ் ஸ்டான்ஸில் இடது கால், இடது தோள், இடது கை எதிராளிக்கு அருகில் இருக்கும். வலது கால் பின்னால். சவுத்பா இதற்கு நேர் மாறு. இந்தக் கட்டுரையில் முன்னால் இருப்பதை ஜாப் கை என்றும், பின்னால் இருப்பதைப் பின் கை என்றும் சொல்கிறோம்.

ஒரு சுற்றில் அதிகம் உழைப்பது ஜாப் கைதான். தூரத்தை அளக்கும், எதிராளியின் கண்ணை மறைக்கும், அவர் கையைத் தட்டிவிடும், உள்ளே வருபவரைத் தடுக்கும். இலக்குக்கு அருகில் இருப்பதால் உடல் அதிகம் திரும்பாமலே போய்ச் சேரும். பின் கை கடக்க வேண்டிய தூரம் அதிகம். ஆனால் அந்தத் தூரத்தில்தான் பின் பாதம் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, தோள் முன்னேறி, உடல் எடை முஷ்டிக்கு வந்து சேர்கிறது.

வலுவான கையைப் பின்னால் வை என்ற பொது விதி இதிலிருந்து வந்தது. வலக்கைக்காரர் ஒரு கல்லைத் தூர எறியும்போது யாரும் சொல்லாமலே இடது காலை முன்னால் வைப்பார். அதே ஒருங்கிணைப்பைத்தான் ஆர்த்தடாக்ஸ் நிலை பயன்படுத்திக்கொள்கிறது.

எதிர்வாதமும் உண்டு, அதுவும் பலமானது. வாள்வீச்சில் திறமையான கைதான் முன்னால் இருக்கும். பாக்சிங்கிலும் ஆஸ்கர் டி லா ஹோயா, மிகுவேல் கோட்டோ, ஆண்ட்ரே வார்ட் மூவரும் இயல்பில் இடக்கைக்காரர்கள். மூவரும் ஆர்த்தடாக்ஸில் சண்டையிட்டார்கள். அவர்களின் இடக்கை ஜாபும் ஹூக்கும் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் அடி) எதிராளிகளுக்குப் பெரிய தொந்தரவு. ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி உங்கள் நிலையைத் தீர்மானிக்க வேண்டாம். வலுவான கையை முன்னால் வைத்தால், பலவீனமான கையைப் பின் கையாக உருவாக்க வேண்டிய கூடுதல் உழைப்பு வந்து சேரும்.

படி 1: எறியும் கையைக் கண்டுபிடிப்பது

எழுதும் கை, சாப்பிடும் கை இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கத்தரிக்கோலும் வேண்டாம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வலக்கைக்காரருக்குச் செய்தவை. யாரும் சொல்லித்தராத வேலைகளைப் பாருங்கள். சுத்தியலால் ஆணி அடிக்கும் கை எது? கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது எது? இறுகிய பாட்டில் மூடியைத் திருகுவது எது? மேலிருந்து ஏதாவது விழுந்தால் பிடிக்க நீள்வது எது?

அடுத்து எறிந்து பாருங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று, டென்னிஸ் பந்தை ஒவ்வொரு கையாலும் 10 முறை முழு வேகத்தில் எறியுங்கள். குறி தப்புகிறதா என்பது முக்கியமில்லை, உடல் எப்படி நகர்கிறது என்பதே முக்கியம். இயல்பான கையில் எறியும்போது எதிர்ப்பக்கக் கால் தானாக முன்னால் போகும், இடுப்பு முதலில் திரும்பும், முழங்கை அதைத் தொடரும், மணிக்கட்டு கடைசியில் சொடுக்கும். பழகாத கையில் எறியும்போது கை மட்டும் தனியாகத் தள்ளும். பல நேரம் எறியும் கைப் பக்கத்துக் காலே முன்னால் போய்விடும். பின் கை அடிக்குத் தேவையான இயக்கம் முதலாவதில் இருக்கிறது. அதனால் மற்றச் சோதனைகள் என்ன சொன்னாலும் இதற்கு அதிக எடை கொடுக்கலாம்.

கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் பேட் பிடிக்கிறீர்கள் என்பது கைக்குச் சான்றாகாது. கங்குலி வலக்கையால் பந்து வீசி, இடக்கை பேட்டராக ஆடியவர். டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால், ஆடியது வலக்கையால். ஆனால் கால்களுக்கு அது ஓரளவு சான்றுதான். வருடக்கணக்கில் இடக்கை பேட்டராக ஆடியவருக்கு வலது தோளைக் காட்டி நிற்பது பழகிப்போயிருக்கும்.

படி 2: தள்ளும் கால்

பின் கால்தான் எஞ்சின். ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளுவதுபோல் ஒரு சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி முழுப் பலத்தோடு தள்ளுங்கள். எந்தக் கால் தானாகப் பின்னால் போகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை, இடையில் நடந்துவிட்டு வந்து, யோசிக்காமல் செய்யுங்கள்.

இன்னொன்று: நண்பர் பின்னால் நின்று, எதிர்பாராத நேரத்தில் முதுகில் மெதுவாகத் தள்ளட்டும். விழாமல் இருக்க முன்னால் வைக்கும் கால் பெரும்பாலும் உங்கள் முன் காலாக வசதிப்படும். இந்தச் சோதனையின் முடிவு நாளுக்கு நாள் மாறுவதுண்டு. சுவர்ச் சோதனை அதைவிட நம்பகமானது. மாடிப்படியில் முதலில் வைக்கும் காலை வைத்துத் தீர்மானிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது.

படி 3: கண்

இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறிய ஓட்டை வருமாறு கோத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுவே ஓங்கிய கண்.

தாடையை இறக்கித் தலையைச் சற்றுத் திருப்பி நிற்கும்போது பின்பக்கக் கண்ணின் பார்வையை மூக்கு கொஞ்சம் மறைக்கும். ஓங்கிய கண் பின்பக்கம் அமைந்தால் தலையைக் கூடுதலாக நேரே திருப்பிக்கொள்ளும் பழக்கம் வரலாம். அதைத் திருத்திக்கொள்ள முடியும். கைக்கும் காலுக்கும் முடிவு முரண்படும்போது மட்டும் கண்ணைத் தீர்ப்புக்குக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் முக்கியத்துவம் தேவையில்லை.

படி 4: முடிவெடுத்தல்

எறியும் கை வலது, தள்ளும் காலும் வலது என்றால் ஆர்த்தடாக்ஸ். இரண்டும் இடது என்றால் சவுத்பா. ஜிம்மில் எல்லோரும் ஆர்த்தடாக்ஸ், சொல்லித்தருவது கஷ்டம் என்று மாற்றச் சொன்னாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். சவுத்பாவோடு மோத எதிராளிகள் தயங்கியதால் ஒரு காலத்தில் இடக்கைக்காரர்களைப் பலவந்தமாக ஆர்த்தடாக்ஸாக மாற்றினார்கள். ஹெவிவெயிட் பட்டத்தை ஒரு சவுத்பா வெல்லவே 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் ஹோலிஃபீல்டை வென்ற மைக்கேல் மூரர்தான் முதல்வர். 2024 மே மாதம் ஹெவிவெயிட்டின் நான்கு பட்ட பெல்ட்டுகளையும் ஒன்றாக்கிய உக்ரைனின் உசிக்கும் சவுத்பா. நம் மேரி கோமும் சவுத்பாதான்.

கையும் காலும் முரண்பட்டால் இரண்டு வாரச் சோதனை செய்யுங்கள். முதல் வாரம் ஒரு நிலை, அடுத்த வாரம் மற்றது. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள்: 20 ஜாப், 20 பின் கை ஸ்ட்ரெய்ட் (பின் கையால் நேராக விடும் அடி), பிறகு 3 மீட்டர் பின்வாங்கல். ஜாபில் பார்க்க வேண்டியது கை திரும்பும் வேகம். ஸ்ட்ரெய்ட்டில் பார்க்க வேண்டியது அடித்து முடித்த பிறகு பின் கால் எங்கே இருக்கிறது என்பது. அது முன்னால் இழுபட்டு வந்திருந்தால் சமநிலை போய்விட்டது என்று பொருள். பின்வாங்கும்போது கால்கள் ஒன்றையொன்று தாண்டுகின்றனவா என்று எண்ணுங்கள். மூன்றில் இரண்டு எந்த நிலையில் நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. மொபைலின் முன் கேமரா பல போன்களில் படத்தை இடவலம் மாற்றிக் காட்டும். பின் கேமராவில் எடுங்கள். ஆர்த்தடாக்ஸில் எடுத்த வீடியோவைச் சவுத்பா என்று நினைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு.

10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம். இரண்டு பக்கமும் விளையாடட்டும், சில மாதத்தில் உடலே சொல்லிவிடும்.

முடிவெடுத்த பிறகு குறைந்தது 6 மாதம் மாற்றாதீர்கள். ஒரு அடி சரியாக வரவில்லை என்றதும் ஸ்டான்ஸைச் சந்தேகிப்பது தொடக்கக்காரர்களிடம் அதிகம் காணப்படும் வியாதி. முதல் மாதத்தில் எல்லா நிலையும் அசௌகரியமாகவே இருக்கும்.

படி 5: தரையில் டேப் ஒட்டிக் கட்டுவது

கீழே உள்ளது ஆர்த்தடாக்ஸுக்கு. சவுத்பாக்கள் இடது, வலதை மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிராளி நிற்கும் திசை நோக்கி 1 மீட்டர் நீளத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கோடு நடுவில் வருமாறு, தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நில்லுங்கள். வலது காலை நேராகப் பின்னால், ஒரு சாதாரண நடை அளவுக்கு எடுங்கள். இப்போது இடது பாதம் கோட்டுக்கு இடப்பக்கமும் வலது பாதம் வலப்பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் வலது பக்கமாகத் திருப்புங்கள்: முன் பாதம் சுமார் 30 டிகிரி, பின் பாதம் 45 முதல் 60 வரை. திருப்பியபின் கோட்டைப் பாருங்கள். முன் குதிகாலுக்கும் பின் பெருவிரலுக்கும் நடுவே, குறுக்குவாட்டில், குறைந்தது ஒரு கையகல இடைவெளி வேண்டும்.

முழங்கால்களை லேசாக மடியுங்கள். மேலிருந்து பார்த்தால் முன் முழங்கால் ஷூ லேஸை மறைக்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. பின் குதிகாலை 2, 3 செ.மீ. உயர்த்துங்கள். முன் குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். எடை இரண்டு கால்களிலும் சரிபாதி.

இடுப்பும் மார்பும் பாதங்கள் காட்டும் பக்கமே திரும்பட்டும். தாடையை இறக்கி, முன் தோளைச் சற்று உயர்த்துங்கள். வலது முஷ்டி கன்ன எலும்பை ஒட்டி, முழங்கை விலாவின் மேல். இடது முஷ்டி கண் உயரத்தில், முகத்திலிருந்து ஒரு சாண் முன்னால். பார்வை எதிராளியின் மார்பில் நிற்கட்டும். அங்கிருந்து தோள்களும் இடுப்பும் ஒருசேரத் தெரியும்.

இப்போது நண்பரைத் தள்ளச் சொல்லுங்கள்: மார்பில் நேராக, இரண்டு தோள்களிலும் பக்கவாட்டில், முதுகில். விழப்போகும் திசையே தவறைச் சொல்லும்.

பக்கவாட்டுத் தள்ளலில் சாய்ந்தால் இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றன. தொடக்கக்காரர்களின் முதல் தவறு இதுதான். டிவியில் பக்கவாட்டாக நிற்பவர்களைப் பார்த்துப் பழகியதால் வருகிறது. இப்படி நின்றால் இடுப்பு திரும்பவே இடமிருக்காது. பின் கை அடி தோளிலிருந்து மட்டும் போகும். பின் காலைக் கையகலம் வெளியே நகர்த்துங்கள்.

மார்புத் தள்ளலில் பின்னால் போனால் கால்கள் இணையாக நிற்கின்றன, அல்லது பின் குதிகால் தரையில் படிந்துவிட்டது. முதுகுத் தள்ளலில் முன்னால் விழுந்தால் எடை முன் காலில் ஏறியிருக்கிறது. பயத்தில் கால்களை மிக அகலமாக வைத்தவர் எந்தத் தள்ளலிலும் விழமாட்டார், ஆனால் நகரவும் மாட்டார். அதனால் தள்ளல் சோதனை முடிந்ததும் நின்ற இடத்தில் 10 முறை சின்னதாகத் துள்ளுங்கள். துள்ளி இறங்கும்போது கால்கள் தாமாக நெருங்கி வந்தால், வந்து நின்ற அகலம்தான் உங்கள் சரியான அகலம்.

உயரமானவர்கள், தூரத்திலிருந்து ஆடுபவர்கள் காலப்போக்கில் இன்னும் நீளமாக, பக்கவாட்டாக நிற்கலாம். குட்டையாக இருந்து உள்ளே புகுந்து அடிப்பவர்கள் மார்பைக் கொஞ்சம் திறந்து நிற்பார்கள். இரண்டு கைகளும் இலக்குக்குச் சமதூரத்தில் வரும். மைக் டைசன் நின்றது அப்படித்தான். முதல் வருடம் நடுவாந்தரமாகவே நில்லுங்கள்.

படி 6: நகர்வது

விதி ஒன்றுதான்: போகும் திசைக்கு அருகிலுள்ள கால் முதலில் நகரும், மற்றது அதே தூரம் பின்தொடரும். முன்னால் போக முன் கால், பின்னால் போகப் பின் கால், இடப்பக்கம் போக இடது, வலப்பக்கம் போக வலது. ஒரு அடி 15 முதல் 20 செ.மீ. போதும். நகர்ந்து முடித்ததும் பாதங்களின் இடைவெளி தொடக்கத்தில் இருந்ததாகவே இருக்க வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ்காரருக்குச் சிரமமான திசை வலப்பக்கம். அங்கே போகும்போது இடது கால் வலதைத் தாண்ட ஆசைப்படும். கால்கள் குறுக்கே இருக்கும் அந்த நொடியில் ஒரு லேசான ஜாப் பட்டாலும் உட்கார்ந்துவிடுவீர்கள். சவுத்பாவுக்கு இதே தொல்லை இடப்பக்கம். முதல் நான்கு வாரங்களில் நாள்தோறும் 3 நிமிடச் சுற்றுகள் இரண்டைக் கண்ணாடி முன் வெறும் நகர்வுக்கே ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் இந்தச் சிரமமான திசைக்கு. கை வீசாமல் நகர்வது அலுப்பாக இருக்கும், ஆனால் பிற்பாடு வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

படி 7: ஸ்டான்ஸிலிருந்து அடிப்பது

ஜாபில் கையும் முன் காலும் ஒரே நேரத்தில் போகும். கால் தரையைத் தொடும்போதே முஷ்டி இலக்கைத் தொட வேண்டும். கை போன வழியிலேயே, கண் உயரத்திலேயே திரும்ப வேண்டும். மார்புக்கு இறங்கித் திரும்பும் ஜாபுக்கு மேலே எதிராளியின் பின் கை வந்து விழும். ஜாப் போகும்போது பின் கை கன்னத்தை விட்டு விலகுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். கன்னத்துக்கும் கிளவுஸுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு 50 ஜாப் போட்டால் போய்விடும்.

பின் கை ஸ்ட்ரெய்ட்டில் முதலில் பின் குதிகால் வெளிப்பக்கமாகத் திரும்பும், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில் கை. அடி முடிந்ததும் மூக்கு முன் முழங்காலைத் தாண்டியிருந்தால் அதிகமாகச் சாய்ந்துவிட்டீர்கள்.

முன் ஹூக்கில் முன் பாதம் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டுப் பகுதியில் சுழல வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடல் மட்டும் திரும்பினால் அந்தத் திருகலை முழங்கால்தான் தாங்கும். மூட்டு வலி வந்தபின் அதைத் திருத்துவதைவிட முதல் நாளே பழகிவிடுங்கள்.

இடக்கைக்காரராக இருந்து ஆர்த்தடாக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது கை பலமானது என்பதால் ஒவ்வொரு ஜாபையும் ஓங்கி அடிக்கத் தோன்றும். தோள் பின்னால் இழுபடும், எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர்களின் வலது ஸ்ட்ரெய்ட்டோ தள்ளலாகத்தான் போகும். பேக்கில் (தொங்கவிட்ட பயிற்சி மூட்டையில்) அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள்: சட்டென்ற ஓசை வந்தால் நல்ல அடி, பேக் மெதுவாக ஊஞ்சலாடினால் அது தள்ளல். ஒரு மாதம் பேக் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை வலது கைக்குக் கொடுங்கள்.

சவுத்பா, ஆர்த்தடாக்ஸ் ஜிம்மில் கற்பது

எதிரே நின்று செய்துகாட்டும் ஆர்த்தடாக்ஸ் மாஸ்டர், சவுத்பா மாணவருக்குக் கண்ணாடிபோல் அமைவார். அப்படியே பார்த்துச் செய்யலாம். ஆர்த்தடாக்ஸ் மாணவர்கள்தான் மாஸ்டருக்குப் பக்கத்திலோ பின்னாலோ நின்று பார்க்க வேண்டும். குழப்பம் வருவது வாய்மொழிக் கட்டளையில். "லெஃப்ட், ரைட்" என்று கத்தினால் சவுத்பா ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப்போட வேண்டும். பயிற்சிப் பேட் (அடிகளை வாங்கும் கைமெத்தை) பிடிப்பவரிடம் எண்களைச் சொல்லச் சொல்லுங்கள்: 1 ஜாப், 2 பின் கை ஸ்ட்ரெய்ட், 3 முன் ஹூக், 4 பின் ஹூக், 5 முன் அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் அடி), 6 பின் அப்பர்கட். எந்த நிலைக்கும் இது மாறாது.

சவுத்பாவுக்கு ஒரு உடற்கூற்றுத் தொல்லையும் உண்டு. கல்லீரல் வலது விலாவுக்குக் கீழே இருக்கிறது. சவுத்பா அந்தப் பக்கத்தைத்தான் முன்னால் காட்டி நிற்கிறார். ஈரலில் விழும் இடது ஹூக் மனவுறுதியைப் பார்க்காது. 2004 செப்டம்பரில் ஹாப்கின்ஸின் அப்படிப்பட்ட ஒரு அடியில் டி லா ஹோயா ஒன்பதாவது சுற்றில் எழ முடியாமல் போனார். அவர் ஆர்த்தடாக்ஸ், ஈரல் பின்பக்கம் இருந்தும் அந்தக் கதி. எனவே சவுத்பா ஜாப் போட்டதும் வலது முழங்கை நேராக விலாவுக்குத் திரும்ப வேண்டும்.

எதிர் நிலைக்காரரை எதிர்கொள்வது

ஆர்த்தடாக்ஸும் சவுத்பாவும் மோதும்போது நீங்கள் பழகிய வடிவியல் முழுவதும் மாறிவிடும். இரண்டு முன் கால்களும் முட்டும். இரண்டு ஜாப் கைகளும் ஒரே பாதையில் மோதும். மார்புகள் ஒரே பக்கமாகத் திறந்திருப்பதால் இருவரின் பின் கைக்கும் நேர்வழி கிடைக்கும். தலைகள் மோதிப் புருவம் கிழிவதும் இத்தகைய சண்டைகளில் அடிக்கடி நடக்கும்.

உலகில் பத்தில் ஒருவர் அளவில்தான் இடக்கைக்காரர்கள். சவுத்பா தினமும் ஆர்த்தடாக்ஸ்காரர்களோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்கிறார். ஆர்த்தடாக்ஸ்காரருக்குச் சவுத்பா எப்போதாவது கிடைக்கிறார். சவுத்பாவின் அனுகூலத்தில் பெரும்பகுதி இந்தப் பழக்க வித்தியாசம்தான். பழகினால் அது குறையும்.

முதல் பாடம் வெளிக்கால். உங்கள் முன் பாதத்தை எதிராளியின் முன் பாதத்துக்கு வெளியே வையுங்கள். ஆர்த்தடாக்ஸ்காரர் இடப்பக்கமாகவும், சவுத்பா வலப்பக்கமாகவும் வட்டமிட்டால் இது அமையும். அப்படி நிற்கும்போது உங்கள் பின் கை அவர் தாடைக்கு நேராக வரும். அவருடைய பின் கை உங்களை எட்ட உடலைக் கூடுதலாகத் திருப்ப வேண்டும். அவர் பின் கையை விட்டு விலகிப் போகும் திசையும் அதுதான்.

இதில் பொறி ஒன்று இருக்கிறது. வெளிக்காலைத் தேடி நீங்கள் நடக்கும் திசையில்தான் அவருடைய முன் ஹூக் காத்திருக்கும். அதனால் பின் கையை விடும்போது ஜாப் கையின் கிளவுஸ் கன்னத்தில் ஒட்டியிருக்க வேண்டும், தலை முன் முழங்காலுக்கு மேலாக நகர்ந்திருக்க வேண்டும். வெளிக்காலையே துரத்திக்கொண்டிருந்தால் நல்ல எதிராளி இரண்டு சுற்றில் உங்களைப் படித்துவிடுவார். சில நேரம் வேண்டுமென்றே காலை உள்ளே விட்டு, நடுவழியாக ஜாபையும் முன் ஹூக்கையும் விடுங்கள்.

இரண்டாவது, கைப்போர். உங்கள் ஜாப் கையை அவர் ஜாப் கைக்கு மேலே வைத்து லேசாக அழுத்துங்கள், தட்டுங்கள், விடுங்கள். பிடித்துக்கொண்டால் நடுவர் எச்சரிப்பார், தட்டுவது போதும். அவர் கை கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஜாபுக்கு வழி திறக்கும்.

மூன்றாவது, பின் கையையே முதல் அடியாக விடுவது. ஒரே நிலைக்காரர்கள் மோதும்போது இது ஆபத்தானது. இங்கே வழி நேராக இருப்பதால் நியாயமான ஆயுதம். முதலில் வயிற்றுக்கு விட்டு, அவர் முழங்கை இறங்கியதும் தலைக்கு விடலாம். இதே நேர்வழிதான் ஆபத்தும். 2012 டிசம்பர் 8 அன்று லாஸ் வேகாஸில், ஆறாவது சுற்று முடியும் தறுவாயில் உள்ளே பாய்ந்த சவுத்பா பாக்கியோ, ஆர்த்தடாக்ஸ்காரர் மார்க்கெஸின் ஒரே வலக்கை அடியில் முகம் குப்புற விழுந்தார். உள்ளே நுழையும்போது தலை நடுக்கோட்டில் இருக்கக் கூடாது என்பதை அந்தக் காட்சியைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

ஜிம்மில் சவுத்பாவே இல்லையென்றால், கூட்டாளியை நிலை மாறி நின்று ஜாபும் பின் கை ஸ்ட்ரெய்ட்டும் மட்டும் போடச் சொல்லி, வாரம் இரண்டு சுற்று மெதுவாகப் பழகுங்கள். அவர் அடி சொதப்பலாக இருந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு வேண்டியது கோணம் மட்டும்தான்.

நிலை மாற்றி ஆடுவது

டெரன்ஸ் க்ராஃபோர்டு இயல்பில் வலக்கைக்காரர். பல சண்டைகளில் ஆர்த்தடாக்ஸில் தொடங்கி, நடுவே சவுத்பாவுக்கு மாறி, அங்கேயே தங்கிவிட்டவர். அவரைப் பார்த்துப் பலரும் மாறி மாறி நிற்க ஆசைப்படுகிறார்கள். 1987 ஏப்ரலில் லியனார்டோடு மோதிய ஹாக்லரையும் பார்க்க வேண்டும்: சவுத்பாவான அவர் அன்று ஆர்த்தடாக்ஸில் தொடங்கினார். தொடக்கச் சுற்றுகளைப் பறிகொடுத்தார், நடுவர்களின் பிளவுத் தீர்ப்பில் வெற்றி லியனார்டுக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் கைவந்தவருக்கே அந்த விலை.

ஒரு வருடமாவது ஒரே நிலையில் ஸ்பாரிங் செய்தபின் முயலலாம். மாறுவதற்கு இரண்டு வழிகள். பின் கை ஸ்ட்ரெய்ட்டை விட்டபடியே பின் காலை முன்னால் எடுத்து வைப்பது ஒன்று. அடியே மாற்றத்தை மறைக்கும். பின்வாங்கும்போது முன் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வது மற்றது. துரத்தி வருபவருக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து அடி வரும். இரண்டிலும் நடுவே ஒரு கணம் கால்கள் இணையாக நிற்கும். அந்தக் கணத்தில் எந்த அடியையும் தாங்க முடியாது. எனவே முதல் வழியை எதிராளியின் கைகள் கார்டில் (முகத்தைக் காக்கும் நிலையில்) இருக்கும்போதும், இரண்டாவதை அவர் கைக்கு எட்டாத தூரத்திலும் மட்டும் செய்யுங்கள். பேக்கில் பழகும்போது, மாறியதும் உடனே ஒரு ஜாப் போட்டுப் பாருங்கள். புதிய நிலையின் ஜாப் பழையதைப்போல் துள்ளும் வரை ஸ்பாரிங்கில் கொண்டுவராதீர்கள். அதுவரை நீங்கள் மாறுவது எதிராளிக்குத்தான் ஓய்வு.